தொட்ட குதிரை

தம்பி, உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, மேளத்துக்குச் சொல்லியாயிற்று, பத்திரிகை கொடுக்கிற வேலை மட்டும் பாதியில் நிற்கிறது. என் வலது முழங்காலும் அதோடு சேர்ந்து நின்றுவிட்டது. கடுகண்ணாவை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஏறுகிற படிகளை ஒரு காலத்தில் ரெண்டு ரெண்டாகத் தாண்டுவேன். இப்போது நடுவில் ஒரு தடவை உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சும்மா காற்று வாங்குகிறேன் என்று புளுகிவிட்டு எழும்புகிறேன். அம்மாவுக்கு என்னவோ இருபது வயசு திரும்பிவிட்டது, புடவைக் கடை புடவைக் கடையாக ஏறி இறங்குகிறாள். நீ போன் எடுக்கிற நேரமெல்லாம் பேச வேண்டியதை அவளே பேசி முடித்துவிட்டுக் கடைசியில் என் கையில் கொடுக்கிறாள். நானும் சாப்பிட்டியா, கொழும்பில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். உன்னிடம் கேட்க வேண்டியது மழையைப் பற்றி இல்லை. வாயால் சொல்ல ரெண்டு முறை முயன்று பார்த்தேன், தொண்டையைச் செருமியதோடு சரி. முப்பத்தொரு வருஷம் கந்தோரில் கிளார்க்காக இருந்து மற்றவர்களுக்காகக் கடிதம் எழுதியவன், இன்றைக்குத்தான் பெற்ற பிள்ளைக்கு ஒன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தைப்பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ சுகந்தியைப் பற்றிச் சொன்னாய். அம்மா உடனே எந்த ஊர், என்ன குடும்பம் என்று ஆரம்பித்தாள். பன்வில என்றாய். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், அண்ணன் கனகராஜ் அங்கேயே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்றாய். நான் எழும்பிக் குளிக்கப் போய்விட்டேன். காலையில் குளித்தவன் மத்தியானம் மறுபடியும் துவாயைத் தூக்கிக்கொண்டு போனால் யாருக்குத்தான் விளங்காது? அதற்குப் பிறகு ஒரு மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ ஒரு நாள் நேரடியாகவே கேட்டாய், “தோட்டத்துப் பொண்ணுங்கிறதாலதானே அப்பா?” என்று. நான் பதில் சொல்லவில்லை, நீ ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய். பிறகு நான் சம்மதம் சொன்னதும், அம்மா அழுது அடம்பிடித்ததால் இறங்கி வந்தேன் என்றுதான் நினைத்திருப்பாய். அப்படி இல்லை. அன்றைக்கு என்னைக் கதிரையிலிருந்து எழுப்பியது சுகந்தி இல்லை, அவளுடைய அண்ணனின் பெயர். அது ஏன் என்று உனக்குத் தெரியும். பதினான்கு வருஷமாக அதைப் பற்றி நாம் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மணவறையில் நீங்கள் ரெண்டு பேரும் குனிந்து என் காலைத் தொடும்போது, உன் மனசில் எனக்கு என்ன இடம் என்று தெரியாமல் என்னால் அங்கே நிற்க முடியாது. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

உனக்குச் செஸ்ஸைக் கொடுத்தவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மையில் நான் ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லை. கண்டியில் கிளார்க்குகளும் பேங்க்காரர்களும் விளையாடுகிற போட்டிகளில் நாலாவதோ ஐந்தாவதோ வருவேன். எனக்குப் பைத்தியமெல்லாம் பழைய ஆட்டங்கள் மேல்தான். வேலை முடிந்து ரயில் வரும்வரை கிடைக்கிற நேரத்தில் நூலகத்துக்குப் போய், பெரிய பெரிய ஆட்டங்களை ஒவ்வொரு நகர்வாகக் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவேன். லண்டனில் ஒரு ஜெர்மன் கணக்கு வாத்தியார் ரெண்டு கோட்டையையும் கொடுத்து, ராணியையும் கொடுத்து, மிச்சமிருந்த சின்னக் காய்களை வைத்தே ராஜாவை மடக்கிய ஆட்டத்தை உனக்கு ஆறு வயசில் வைத்துக் காட்டினேன். ராணி போன இடத்தில் நீ அழுதேவிட்டாய். அப்புறம் மேட் என்றதும் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி ஓடினாய், அம்மா கரண்டியோடு வந்து ரெண்டு பேரையும் திட்டினாள்.

ஆனாலும் உனக்கு ரொம்பப் பிடித்தது ஐஸ்லாந்துக் கதைதான். உலகப் பட்டத்துக்கு அமெரிக்கக்காரனும் ரஷ்யக்காரனும் மோதிய அந்தப் போட்டியில், அமெரிக்கக்காரன் முதல் ஆட்டத்தில் தோற்றான், ரெண்டாவது ஆட்டத்துக்கு வரவே இல்லை. கமெராச் சத்தம் கேட்கிறது என்று கோபித்துக்கொண்டு அறையிலேயே இருந்துவிட்டான். ரஷ்யக்காரன் அப்போதே பெட்டியைக் கட்டியிருந்தால் பட்டம் அவன் கையில். அவன் நாட்டுக்காரர்களும் திரும்பி வா என்றுதான் சொன்னார்களாம். அவன் போகவில்லை. ஆள் இல்லாத பின்னறை ஒன்றில் உட்கார்ந்து விளையாடக்கூடச் சம்மதித்தான். பிறகு ஆறாவது ஆட்டத்தில் தோற்றபோது, சபையோடு சேர்ந்து தானும் எதிராளிக்குக் கை தட்டினான். தோற்றவர் ஏன் கை தட்டினார் என்று நீ கேட்டாய். ஆட்டம் நன்றாக இருந்தது, அதனால்தான் என்றேன். அந்தக் கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். சொல்வதற்கென்ன, வாய்தானே.

நடுவர் வேலை எனக்கு ஆட்டத்தால் கிடைக்கவில்லை, பாஷையால் கிடைத்தது. மாகாணப் போட்டிகளை நடத்தியவர்கள் எல்லாரும் சிங்களம் பேசுகிறவர்கள். தோட்டப் பள்ளிக்கூடங்களிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குச் சிங்களம் சரியாக வராது. ஏதாவது பிரச்சினை என்றால் அந்தப் பிள்ளை சொல்வதைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று என்னைச் சேர்த்தார்கள். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு மேசைகளுக்கு நடுவில் நடக்கும்போது எனக்கு இருந்த மிதப்பு இருக்கிறதே, கந்தோரில் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட அது கிடைத்ததில்லை. உனக்கும் அது தெரியும், சட்டையை முதல் நாளே அயர்ன் பண்ணி வைக்கச் சொல்லி அம்மாவைப் படுத்துவேன்.

உனக்குப் பதினாறு வயசு. மாகாணத் தேர்வுப் போட்டியின் கடைசிச் சுற்று. நீயும் கனகராஜும் சமமான புள்ளியில் இருந்தீர்கள். ஜெயிக்கிறவன் கொழும்புப் பயிற்சி முகாமுக்கும் அங்கிருந்து வெளிநாட்டுப் போட்டிக்கும் போவான், தோற்கிறவன் பதில் ஆள். பெற்றவன் என்பதால் உன் மேசைப் பக்கம் போகக் கூடாது என்று தலைமை நடுவர் காலையிலேயே எனக்குச் சொல்லியிருந்தார், நானும் பெரிதாகத் தலையாட்டினேன். உங்கள் மேசைக்குப் பொறுப்பாக இருந்தவர் தேத்தண்ணி குடிக்கப் போன பத்து நிமிஷத்தில் என் கால் தானாக அங்கே வந்து நின்றது. வந்த நேரத்தில்தான் அது நடந்தது. நீ குதிரையை ரெண்டு விரலால் பிடித்து, பலகையிலிருந்து ஒரு நூல் அளவு தூக்கினாய். தூக்கிய பிறகுதான் பார்த்தாய், அந்தக் குதிரை எங்கே போனாலும் அதற்குப் பின்னால் நின்ற உன் ராணி அவனுடைய பிஷப்புக்குப் பலி. விட்டுவிட்டாய். கையைப் பின்னுக்கு இழுத்து, கோட்டையை நகர்த்தினாய். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதை உனக்கு ஆறு வயசிலேயே சொல்லிக்கொடுத்தவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கனகராஜ் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினான். தலைமை நடுவர் வந்தார். அவன் என்னைப் பார்த்து, “குதிரைய ரெண்டு வெரலால புடிச்சாரு சார், தூக்கவும் செஞ்சாரு” என்றான். அதை நான் அப்படியே சிங்களத்தில் சொல்லியிருக்க வேண்டும், என்னை அங்கே வைத்திருந்ததே அதற்குத்தான். தொட்டது போல இந்தப் பிள்ளைக்குத் தோன்றுகிறதாம் என்று சொன்னேன். அவர் உன் பக்கம் திரும்பினார். உன்னிடம் கேட்கப் போகிறார் என்று தெரிந்தது. நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய், வாய் திறந்தது. நான் முந்திக்கொண்டேன். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், தொடவில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். நான் அங்கே நிற்கவே கூடாது என்பது கூட அவருக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை, அவ்வளவு நம்பிக்கை என் மேல். ஆட்டத்தைத் தொடருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவன் என்ன சொன்னீர்கள் சார் என்று என்னிடம்தான் கேட்டான், அவனுக்கு அங்கே கேட்க வேறு ஆள் இல்லை. விளையாடு தம்பி, முறைப்பாட்டை ஏற்கவில்லை என்றேன்.

அந்த நேரம் என் தலைக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அவன் ரப்பர் செருப்போடு வந்திருந்தான். கொழும்புக்குப் போய் இவன் என்ன செய்யப் போகிறான், பாஷையும் தெரியாது, கூடப் போக ஆளும் இருக்காது, இந்த வாய்ப்பு இவனுக்கு வீண் என்று நினைத்தேன். என் தாத்தாவும் ஒரு தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர்தான், டவுனில் ரெண்டு தலைமுறை இருந்ததும் எனக்கு அது மறந்துவிட்டது. தோட்டத்துப் பெண் என்பதாலா என்று நீ கேட்டபோது இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல என் நாக்கு எழும்பாததற்குக் காரணம் இதுதான். சுகந்தி விஷயத்தில் அது இல்லை. ஆனால் அவளுடைய அண்ணன் விஷயத்தில் அது இருந்தது.

நீ ஜெயித்தாய். திரும்பி வருகிற ரயிலில் வடை வாங்கிக் கொடுத்தேன், நீ தொடவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. முகாமுக்குப் புறப்பட வேண்டிய காலையில் காய்ச்சல் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாய். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு நெற்றி சூடே இல்லையே என்றாள். நான் கத்தினேன், பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தேன், பெரியப்பா முன்னால் உன்னைக் கோழை என்றேன். நீ எழும்பவில்லை. உன் இடத்துக்குப் பதில் ஆளாக இருந்த கனகராஜ் போனான். அதைக் கேட்டதும் எனக்கு அப்பாடா என்று கூட இருந்தது, பார். ஆனாலும் உன்னை நான் விடவில்லை. அதற்குப் பிறகு நீ எந்தப் போட்டிக்கும் போகவில்லை என்பதை வைத்து, கல்யாண வீடு, காது குத்து என்று சொந்தக்காரர் கூடுகிற இடமெல்லாம், எங்கள் சாம்பியன் காய்ச்சலுக்குப் பயந்து விளையாட்டை விட்டவர் என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். எத்தனை வருஷம் அப்படிச் சிரித்தாய், தம்பி.

நான் மட்டும் நடுவராகவே இருந்தேன். தொட்ட காய் என்று முறைப்பாடு வந்தால் என்னை மாதிரிக் கண்டிப்பான ஆள் கண்டியில் கிடையாது என்று பெயர் எடுத்தேன். கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். ஒரு பெரிய சாம்பியன் இளம் பெண் ஒருத்தியோடு விளையாடும்போது குதிரையை வைத்துவிட்டு மறுபடி எடுத்து வேறு கட்டத்தில் வைத்த பழைய கதையை யாராவது எடுத்தால், கமெராவில் பதிந்தும் அந்த மனிதர் தப்பிவிட்டாரே என்று எல்லாரும் சூடாகப் பேசுவார்கள். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன். அண்மையில் சென்னைப் பையன் உலகச் சாம்பியன் ஆன அன்று, போனில் அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜெயித்த பிறகு அவன் அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் அடுக்கி வைத்தான். ஜெயித்த பிள்ளை எதற்கு அழுகிறது என்று அம்மா கேட்டாள். நீ ஜெயித்த அன்று காய்களை அப்படியே போட்டுவிட்டு வெளியே போனாய், நான்தான் பெட்டியில் அள்ளிப் போட்டேன். அந்தக் குதிரையும் என் கையில் வந்தது. அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனேன்.

போன பௌர்ணமி விடுமுறை அன்று அம்மா சுகந்தியைப் புடவைச் சட்டை தைக்கக் கண்டிக்குக் கூப்பிட்டிருந்தாள். பத்திரிகை கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பன்வில பஸ் ஏறினேன். கல்யாணம் முடிந்து சம்பந்தி ஆன பிறகு சொன்னால் அது அவனை மடக்குகிற மாதிரி ஆகிவிடும், சொல்வதென்றால் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இதனால் உன் கல்யாணம் நின்றுபோகலாம் என்பதும் தெரியும். பஸ்ஸில் ரெண்டு தடவை இறங்கிவிடலாமா என்று எழும்பினேன், முழங்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன். கனகராஜ் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் குவாட்டர்ஸில் இருந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டார், அவருடைய அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் சுற்றி வளைக்கவில்லை. நான் நின்ற இடம், பார்த்தது, சிங்களத்தில் என்ன சொன்னேன், நீ வாய் திறந்தபோது முந்திக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அறுபத்துமூன்று வயசில் என் பிள்ளை வயசுக்காரரிடம் கேட்டேன்.

அவர் தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, “மச்சான் உங்ககிட்ட சொல்லவே இல்லையா மாமா?” என்று கேட்டார்.

எதை என்றேன். அவர் சொன்னது இதுதான்: “அந்த ஆட்டம் முடிஞ்சி அடுத்த ஞாயித்துக்கெழமையே தேடிக்கிட்டு இங்க வந்துட்டாரு. எங்க லயத்து வாசல்ல போர்ட விரிச்சி, அதே நெலைய அப்படியே அடுக்குனாரு. குதிரைய எடுத்தாரு, ராணிய என்னை வெட்டச் சொன்னாரு. அப்புறம் முழுசா வெளயாடினோம். தோத்துட்டு எழும்பிக் கை குடுத்தாரு. கொழும்புக்கு நீங்கதான் போறீங்க, எனக்குக் காய்ச்சல் வரப் போவுதுன்னாரு.”

அதற்குப் பிறகும் மாதம் ஒரு தடவையாவது நீ அங்கே போய்விடுவாயாம். இருட்டும்வரை விளையாடுவீர்களாம், அந்த வாசலுக்கு வந்து போனதில்தான் பல வருஷம் கழித்துச் சுகந்தியோடும் பேச்சு வளர்ந்ததாம். ஞாயிற்றுக்கிழமை டியூஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் எங்கே என்று இப்போதுதான் விளங்குகிறது. நீ செஸ்ஸை விட்டுவிட்டாய் என்று பதினான்கு வருஷம் நான் வயிறெரிந்தேன். நீ விளையாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய், என் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். நான் உன்னைக் கோழை என்று சொந்தக்காரர் நடுவில் சிரித்த ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தையில் என் வாயை அடைத்திருக்கலாம், நீ செய்யவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, தம்பி. வெட்கத்தோடு பெருமையும் வருகிறது, அந்தப் பெருமையில் எனக்குப் பங்கு கேட்க வாய் இல்லை.

போட்டிக்காரர்களுக்கு நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன், இனி நான் நடுவராக வரமாட்டேன், தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கனகராஜைக் கூப்பிடுங்கள் என்று. ஏன் என்பதையும் எழுதினேன். கல்யாணத்துக்குப் போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள், எனக்கு அதற்குத் தகுதி இல்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுகந்தி பேச வாயெடுக்கும்போது அவளுக்காக நீ முந்திப் பதில் சொல்லிவிடாதே. நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அதற்காகவும் சொல்லாதே. அது தப்பு செய்திருந்தாலும், தன் வாயால் சொல்லட்டும் என்று பேசாமல் நில். அன்றைக்கு உன் வாயில் வந்தது என்ன வார்த்தை என்று எனக்கு இப்போது தெரியும். அதை நான் சொல்ல விடவில்லை.

நீ ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கனகராஜிடம் கேட்டேன். “அத நீங்க மச்சான்கிட்டதான் கேக்கணும் மாமா” என்று மட்டும் சொன்னார். பஸ் வரும்வரை கூடவே நின்றார், ஏறும்போது கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அதனால் உன்னிடமே கேட்கிறேன். பதினாறு வயசில் அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து, எதிரே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே ஒன்றும் சொல்லாமல் இருந்தாயே, அது என் மேல் இருந்த பயத்தாலா, இல்லை என்னைப் பார்க்கப் பாவமாக இருந்ததாலா? பயம் என்றால் உடனே போன் எடுத்துச் சொல். அம்மாவிடம் கொடுக்காமல் நானே எடுக்கிறேன், தாங்கிக்கொள்வேன், பிள்ளைகள் அப்பனுக்குப் பயப்படுவது உலகத்தில் இல்லாததா. மற்றதாக இருந்தால் இப்போது சொல்லாதே. தெரியாமல் மணவறையில் நிற்க முடியாது என்று மேலே எழுதினேன், பரவாயில்லை, நின்றுகொள்கிறேன். கல்யாணம் முடியட்டும்.

அப்பா